இரண்டு மில்லிமீட்டர்

‘எல்லாம் ஒரே சைஸ்தாம்மா’ என்று கடைக்காரர் கொடுத்த குக்கர் கேஸ்கெட்டை நம்பி வாங்கி வந்து, மூடியைச் சுற்றி ஆவி புஸ்ஸென்று போவதைப் பார்த்துத் தலையில் கை வைத்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அந்த அனுபவம் எனக்குக் கார் சக்கரம் வாங்கும்போது கை கொடுத்தது என்றால் சிரிப்பீர்கள்.

எங்கள் கார் 2003-ஆம் வருடத்து ஃபியட் பாலியோ. மாமனார் ரிடையரான பணத்தில் வாங்கியது. அவர் போய்விட்டார். “நான் இருக்கிற வரைக்கும் அதை வித்துடாதீங்க” என்று மாமியார் சொல்லிவிட்டதால், பதினைந்து வருடம் முடிந்ததும் மறுபதிவு செய்து வைத்துக்கொண்டிருக்கிறோம். முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்க வாரம் இரண்டு நாள் அவரை அதில்தான் அழைத்துப் போகிறேன். ஓட்டுவது நான்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு குழியில் இறங்கி, முன்பக்கத்து ரிம் இரண்டும் நெளிந்துவிட்டன. மற்ற இரண்டிலும் ஏற்கெனவே துரு. தட்டி நிமிர்த்தியும் காற்று நிற்கவில்லை. “நாலையும் அலாய் வீலா மாத்திடுவோம், வண்டிக்கும் ஒரு களை வரும்” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு ரொம்ப நாள் ஆசை அது.

கடையில் வெள்ளித் தட்டுக்கள் மாதிரி மாட்டி வைத்திருந்தார்கள். பையன் ஒன்றை எடுத்துப் பொருத்தினான். முதல் போல்ட் ஏறியது; எதிர்ப்பக்கத்து போல்ட் நேராக ஏறவில்லை. ஸ்பானர் மேல் காலை வைத்து மிதித்தான். ஏன் என்று கேட்டேன்.

“இது நூறும்மா, உங்க வண்டி தொண்ணூத்தெட்டு. ரெண்டு மில்லிமீட்டர்தானே! இறுக்கினா தானா உக்காந்துடும்.”

எனக்கு கேஸ்கெட் ஞாபகம் வந்தது. “கழட்டிடுப்பா” என்றேன். நாலு பேர் முன்னால் இப்படிச் சொன்னதில் இவருக்குக் கோபம்; வீடு வரை பேசவில்லை.

மறுநாள் எங்கள் பழைய மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். நாலு ஓட்டைகளின் மையத்தையும் தொட்டு ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் குறுக்களவுதான் கணக்காம். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பலவற்றுக்கு அது 100 மில்லிமீட்டர். பழைய மாருதி 800-க்கு 114.3, பாலியோவுக்கு 98. போல்ட்டின் தலைக்குக் கீழே புனல் மாதிரிச் சரிவாக இருக்கும். ரிம்மின் ஓட்டையிலும் அதே சரிவு. இரண்டும் சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும். மையம் விலகினால் ஒரு பக்கம் மட்டும் அழுந்தும். கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். ஓட ஓட போல்ட் தளரும், முறியவும் கூடும்.

“அத்தோட அலாய் தடிமன் ஜாஸ்திம்மா. பழைய போல்ட்டே போட்டா உள்ளே ரெண்டு மூணு மரைதான் பிடிக்கும். நீள போல்ட் வேணும்” என்றார். நடு ஓட்டையும் 58.1 மில்லிமீட்டராக இருக்க வேண்டுமாம். பெரிதாக இருந்தால் வளையம் போடலாம். சிறிதானால் உள்ளேயே போகாது.

பழைய ரிம்மின் மேல் பிரவுன் பேப்பரை விரித்து, ரவிக்கைக்குப் படி எடுப்பது போல ஓட்டைகளை வரைந்து வெட்டிக்கொண்டேன். ஒரு ஓட்டையைப் பொருத்திவிட்டு எதிர் ஓட்டையைப் பார்த்தால் 2 மில்லிமீட்டர் விலகல் தெரிந்துவிடும். ஓட்டைக்கு ஓட்டை அளப்பவர்கள், ஒன்றின் இடது விளிம்பிலிருந்து எதிரே உள்ளதின் இடது விளிம்பு வரை பிடித்தால் மையக் கணக்கு சரியாக வரும்.

அந்தப் பேப்பரோடு சென்னை புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமைகள் அலைந்தோம். முதல் வாரம் சிரித்தவர்கள் இரண்டாம் வாரம் மோர் கொடுத்தார்கள். அலாய் கிடைக்கவில்லை. மூன்றாம் வாரம், பிரித்துப் போட்ட ஒரு பாலியோவின் நாலு இரும்பு ரிம்கள் கிடைத்தன. மெஷினில் சுழற்றி, ஆட்டம் இல்லை என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். இவர் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

மெக்கானிக் அண்ணன் கறுப்புப் பெயிண்ட் அடித்து, குறுக்கும் நெடுக்குமாக போல்ட்டுகளை இறுக்கினார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லி மறுபடி ஒருமுறை இறுக்கிக் கொடுத்தார்.

அன்று வைத்தியத்துக்குக் கிளம்பும்போது மாமியார் குனிந்து பார்த்தார்.

“மூணு வாரம் அலைஞ்சீங்களே, சக்கரம் பழசு மாதிரியேதானே இருக்கு?”

“அதுக்குத்தான் அத்தை அலைஞ்சோம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.