கிரவுண்டு

டாங்கர் லாரியின் முதுகை அரை மணி நேரம் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. திருவொற்றியூரிலிருந்து பொன்னேரிக்குப் போகும் சாலையில் ஷேர் ஆட்டோவில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு அது அநேகமாக நாள்தோறும் கிடைக்கிறது. சென்ற மாதம் ஒரு பிற்பகலில், மணலி புதுநகரிலே கைப்பேசித் திரைக்குச் சித்திரம் செய்யும் ஒரு பெண்ணைக் காண்பதற்காக நான் அவ்வழியே போனபோது, என் முன்னால் அசையாமல் நின்றுவிட்ட லாரியின் உருண்ட பின்புறத்தில் மஞ்சளின்மேல் கறுப்பாக எழுதியிருந்த தீ எச்சரிக்கையை எத்தனையோ தடவை படித்தேன். எழுத்தைப் படித்தேனே ஒழிய, அந்த மஞ்சளை ஒரு தடவையாவது பார்த்தேனா என்று அன்று மாலை யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

புதுநகர் என்பது பெயருக்குத் தக்கபடி, பெருநகர வளர்ச்சிக் குழுமம் கோடு கிழித்து மனை பிரித்து உண்டாக்கிய ஊர். 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது என்றாலும், கொசஸ்தலை ஆறு பெருகும்போதெல்லாம் தான் மாநகரம் அல்ல, தாழ்ந்த நிலம் என்பதை அது நினைவூட்டத் தவறுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி இங்கே எந்தத் திண்ணையில் கேட்டாலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் நிறைந்த அந்த ஊரில் அய்யா வைகுண்ட தர்மபதிக்கு வழி கேட்டால் குழந்தையும் சொல்லும். நான் தேடிய வீட்டுக்குத்தான் மூன்று பேரைக் கேட்க வேண்டியிருந்தது. “போர்டு எழுதுற அண்ணாச்சி வீடா?” என்று மூன்றாமவர் கேட்டபிறகே விஷயம் விளங்கிற்று. பெண்ணின் தொழில் அத்தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தகப்பனாரின் தொழில், அது ஓய்ந்துபோய்ப் பல வருஷங்கள் ஆனபிறகும், எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “வாங்க, இரிங்க, என்ன குடிக்கிய?” என்று வரவேற்ற அந்தப் பேச்சில் நாற்பது வருஷச் சென்னை வாசம் ஒரு கீறலும் போடவில்லை. லாரி ஷெட்டுகளில் டாங்கர்களுக்கு நம்பர் போடுவதும், எச்சரிக்கை எழுதுவதும், முகப்பில் முதலாளியின் குலதெய்வத்தின் பெயரைத் தீட்டுவதும் அவருடைய ஜீவனமாக இருந்தது. அப்புறம் ஸ்டிக்கர் வந்தது. கடைப் பலகைகளுக்கு ஃபிளெக்ஸ் வந்தது. தூரிகைகள் மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறியபடியே கிடந்துவிட்டன. அவருடைய ஒரே மகள் பகலில் வேலை பார்ப்பது அப்படிப்பட்ட ஒரு ஃபிளெக்ஸ் கடையில்தான் என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. “வேல அங்கனதான இருக்கு” என்றார்.

கல்யாணப் பேனரும் கண்ணீர் அஞ்சலியும் செய்த நேரம் போக, மிச்சமிருக்கும் பொழுதில் அவள் வால்பேப்பர் செய்கிறாள். என் மருமகனின் கைப்பேசியில் அவளுடைய படம் ஒன்றை வாரக்கணக்கில் பார்த்திருந்தும், அது ஒருவர் உட்கார்ந்து செய்த காரியம் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. மரமில்லை, முகமில்லை, மலையில்லை. கரும்பச்சை ஒன்று மெல்ல மெல்லச் செம்பழுப்பாக மாறுகிறது, நடுவே ஒரு மடிப்பு, அவ்வளவே. உருவமற்ற சித்திரம் நம் பட்டணத்துக்குப் புதிதல்ல. கே. சி. எஸ். பணிக்கரும் சகாக்களும் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியபோது, அப்படிப்பட்ட சித்திரங்களை வாங்குவார் அதிகமில்லாமையால், துணிகளில் பாடிக் வேலை செய்து விற்றுத்தான் அடுப்பை எரியவைத்தார்கள். இந்தப் பெண் பேனர் செய்து எரியவைக்கிறாள். அந்தக் கிராமத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். கேள்விப்பட்டிருக்கிறாள், போனதில்லை. நகரின் மறுகோடியில் அது இருக்கும் ஈஞ்சம்பாக்கத்துக்கு மணலியிலிருந்து போய்வருவதென்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்றாள்.

அவள் ஆரம்பிப்பது கம்ப்யூட்டரில் அல்ல, தாம்பாளத்தில். அகலமான எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, ஜன்னலோரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுகிறாள். காற்றுப் பட்டால் தண்ணீர் தோல் சுருங்குமாம். தகப்பனாரின் அலமாரியில் அடி வண்டலாய் மிஞ்சியிருக்கும் எனாமல் டப்பாக்களில் ஒன்றைத் திறந்து, தின்னர் விட்டு நீராக்கி, ஈர்க்குச்சியால் ஒரு சொட்டு விடுகிறாள். அந்தச் சொட்டு ஒரு கணம் தயங்கி, பிறகு யாரோ உள்ளிருந்து ஊதினாற்போல் நாலாபக்கமும் விரிகிறது; அதன்மேல் வேறொரு வர்ணம், அதைக் கிழித்துக்கொண்டு வெறும் தின்னரில் ஒரு சொட்டு. ஈர்க்குச்சியை ஒரு முறை இழுக்கிறாள். மயில் கழுத்துப் போன்ற ஓர் அலை தாம்பாளம் முழுவதும் ஓடிற்று. நான் ‘ஆஹா’ என்றுவிட்டேன். “இது ஆவாது சார்” என்று சொல்லிக்கொண்டே, அந்த அலையை ஒரு பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்துவிட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை.

ஏன் ஆகாது? அதில் ஒரு பறவையின் தலை தெரிந்துவிட்டதாம். “மூஞ்சி தெரிஞ்சா போச்சு சார். கண்ணு அங்கயே நின்னுடும், அப்பறம் யாரு மணி பாப்பாங்க?” அன்று விசிறி இல்லாத அந்த அறையில், வியர்வை காதோரம் வடிய, ஏழு தாம்பாளங்கள் கலைந்தன. எட்டாவதை மேலிருந்து நேராகப் படமெடுத்து, அதன் ஒரு மூலையில் புளியங்கொட்டை அளவுள்ள ஓரிடத்தை மாத்திரம் கம்ப்யூட்டரில் வெட்டிப் பெருக்கினாள். மீதியெல்லாம் கழிவு.

அதற்குப் பின் நடந்ததை நான் முழுவதும் புரிந்துகொண்டேன் என்று பெருமை பேச மாட்டேன். ஆனால் ஒரு கணக்கு மாத்திரம் என் மரமண்டைக்கும் ஏறிற்று. கைப்பேசித் திரை 1080 புள்ளி அகலமும் 2400 புள்ளி உயரமும் உடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒரு படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகளே உண்டு. மேலே இருக்கும் கருநீலம் கீழே சற்றே வெளுப்பதற்கு நாற்பது படிகள் இறங்கினால் போதும் என்றால், ஒவ்வொரு படியும் அறுபது வரிசை அகலமுள்ள பட்டையாக நின்றுவிடுகிறது. அந்தி வானம்போல் கரைய வேண்டிய வர்ணம் கோயில் குளத்துப் படிக்கட்டாகிவிடுகிறது. இருட்டு வர்ணத்தில் இந்தப் பட்டை இன்னும் நன்றாகத் தெரியும். இதற்கு அவள் செய்யும் பரிகாரம், படத்தின்மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடிப் புள்ளிகளைச் சிதறவிடுவது. தொழிலில் இதற்கு ‘நாய்ஸ்’ என்று பெயர். அவள் சொல்வது ‘மணல் தூவுறது’. படியின் விளிம்பு மணலில் புதைந்து போகிறது. சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அழுக்காக்குகிற இந்த வேலைக்கு அவள் செலவழித்த நேரம், தாம்பாளத்துக்குச் செலவழித்ததைவிட அதிகம்.

நிர்ப்பந்தங்கள் வேறு பல. மேற்புறம் கடிகாரத்துக்கு, கீழ்ப்புறம் சின்னங்களுக்கு, உச்சியில் காமிராவுக்கென்று ஓர் ஓட்டை. ஓஎல்இடி திரையில் முழுக்கறுப்பு என்பது விளக்கு அணைந்த இடமாகையால், கறுப்பு மிகுந்த படத்தைச் சார்ஜ் நிற்குமென்று விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், படத்தில் ஓங்கி நிற்கும் வர்ணத்தைக் கைப்பேசி தானே பொறுக்கியெடுத்துப் பொத்தான்களுக்கும் பூசிக்கொள்கிறது. ஆகவே சமையற்காரன் உப்பைப் பற்றி யோசிப்பதுபோல் இவள் சிவப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு கட்டுக்குள் செய்வதும் கலையா என்ற கேள்வி எனக்குள் எழத்தான் செய்தது. வெண்பா எழுதியவனை யாரும் அப்படிக் கேட்பதில்லையே என்று நானே அதை அடக்கிக்கொண்டேன்.

அவளிடம் ஒரு படம் இருக்கிறது. அதை அவள் எங்கும் விற்பனைக்கு வைக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகமெங்கும் பரவி, மீனவர்கள் வாளியாலும் கையாலும் அதை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில், கரையோரம் குட்டையாகத் தேங்கிய நீரை அவள் படமெடுத்தாள். தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத எண்ணெய்ப் படலம், ஒளியைத் தன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் இரண்டாகத் திருப்பியனுப்பி வானவில்லைக் காட்டுகிறது. அவள் தாம்பாளத்தில் எவ்வளவு முயன்றாலும் வராத ஊதாவும் பொன்னும் அதிலே வந்திருக்கின்றன. இதுவரை செய்ததில் இதுதான் சிறந்ததென்று அவளுக்கே தெரியும். “வலை, போட்டு எல்லாம் பாழாப்போயி நின்னாங்க சார். அதப் போயி போன்ல அழகுக்கு வச்சிக்கணுமா?” என்றாள். இதில் எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு. அழகு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல், எண்ணூர் என்று பெயரிட்டே வெளியிடலாம் என்பது என் கட்சி. “பேரு யாரு சார் படிக்கப்போறாங்க?” என்றாள். நான் லாரியை நினைத்துக்கொண்டு பேசாமலிருந்தேன்.

மாலை வெயில் சாய்வதற்குள் பரீட்சை நடந்தது. கண்ணாடி விரிசல் விட்ட மலிவான போன் ஒன்று, ஓஎல்இடி திரையுள்ளது ஒன்று. இரண்டிலும் அன்றைய படத்தை ஏற்றி, வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த தகப்பனாரிடம் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடி அணியக்கூடாது, அது விதி. அப்பா படத்தைப் புகழ்ந்தால் படம் தேறவில்லை என்பது இரண்டாம் விதி. இந்த விதிகளை உண்டாக்கியவர் அவர்தானாம். “மஞ்சக் கிரவுண்டு நல்லாருக்குன்னு ஒருத்தன் சொன்னாம்னா, எழுத்து சரியில்லன்னு அர்த்தம்லா” என்று எனக்கு விளக்கினார்.

முதல் போனை வாங்கி, வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்தவர், “ஏ, இது என்னம்மா, நம்மூரு தாமிரபரணி வெள்ளம் மாரி…” என்று தொடங்கினார். அவள் சட்டென்று போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். கால் மணி நேரம் மௌஸின் சத்தம் மாத்திரம் கேட்டது. திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் நீட்டினாள்.

“அஞ்சு இருவது” என்றார் அண்ணாச்சி. பிறகு என் பக்கம் திரும்பி, கடைசி ஷேர் ஆட்டோவுக்கு இன்னும் நேரமிருக்கிறது, இன்னொரு டீ சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்.