புல் வெட்ட ஒரு மெசின் வேணும்... ஆனால் ஆர் தள்ளுறது?

கனடாவில் வீடு வாங்குகிறவருக்கு வங்கிக் கடனோடு இலவசமாகக் கிடைப்பது புல்! மே மாதம் தொடங்கினால் ஒக்டோபர் வரை விடாது. ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தால் நகரசபை கடிதம் அனுப்பும். அதற்கும் அசையாவிட்டால் ஆள் அனுப்பி வெட்டிவிட்டு, கூலியை வீட்டுக்காரர் தலையில் கட்டும். ஊரில் மாடு பார்த்துக்கொண்ட வேலை இது.

ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் குடும்பம். இருபது வருடமாகப் பெற்றோல் மெசின்தான். போன மாரியில் அப்பாவுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. கயிற்றை இழுத்து மெசின் ஸ்ரார்ட் பண்ணும் வேலை இனி வேண்டாம் என்று டொக்ரர் சொல்லிவிட்டார். கயிறு இழுக்க இருந்த மகனும் படிக்க வேறு நகரத்துக்குப் போய்விட்டான். ஆகவே மின்சார மெசின் என்று முடிவாயிற்று. பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அப்பா கடையில் போய் நின்றது 60 வோல்ற், 21 அங்குல மெசினுக்கு முன்னால். பற்றரியில் ஓடும். தானே உருண்டு போகும். பார்க்கவும் கார் மாதிரி இருக்கும்.

"இஞ்சாருங்கோ, இதை ஆர் தள்ளுறது?" என்று அம்மா கேட்டார்.

"தள்ளத் தேவையில்லை. அது தன்பாட்டில போகும்."

"பேஸ்மென்ற் படியில தன்பாட்டில ஏறுமோ?"

அப்பாவிடம் பதில் இல்லை. இந்த வகை மெசின்கள் பற்றரியோடு 25 கிலோவுக்கு மேல் வரும். அதைத் தூக்கப் போவது அம்மாதான் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அப்பா அதை வாயால் சொல்லத் தயாராக இல்லை. இருபது வருடம் தன் வேலையாக இருந்தது கைமாறுகிறது என்று ஒப்புக்கொள்வது லேசான காரியமா?

சரி, கணக்குக்கு வரலாம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வோல்ற் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற வேண்டியதுதான். 40 வோல்ற் என்றும் 36 வோல்ற் என்றும் விற்பவை பெரும்பாலும் ஒரே அளவு பற்றரிகள். முழுச் சார்ஜில் 40, ஓடும்போது சராசரி 36, அவ்வளவே. எவ்வளவு நேரம் ஓடும் என்று அறிய வோல்ற்றை அம்பியர்-அவரால் பெருக்க வேண்டும். 80 வோல்ற், 2 அம்பியர்-அவர் என்றால் 160 வாற்-அவர். 40 வோல்ற், 5 அம்பியர்-அவர் என்றால் 200. சின்ன எண்ணுக்குள்தான் கூடுதல் சக்தி இருக்கிறது!

அடுத்தது அகலம். இந்த வீட்டுப் பின்வளவு 30க்கு 45 அடி, முன்பக்கம் 20க்கு 15 அடி. மொத்தம் 1650 சதுர அடி. 21 அங்குல மெசினோடு நடக்க வேண்டிய தூரம் கிட்டத்தட்ட 290 மீற்றர். 16 அங்குலம் என்றால் 380 மீற்றர். அந்த 5 அங்குலத்துக்குக் கூடுதல் காசு கொடுத்து மிச்சப்படுத்துவது வெறும் 90 மீற்றர் நடை!

பிறகு பற்றரி. சவர பிளேட் வியாபாரம் தெரியும்தானே? கைபிடியை மலிவாகக் கொடுத்துவிட்டு பிளேட்டில் காசு பார்ப்பது. இங்கேயும் கிட்டத்தட்ட அதே கதை. ஒரு கம்பனியின் பற்றரி இன்னொரு கம்பனி மெசினுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. சில வருடங்களில் பற்றரி தளர்ந்தால், புதியதன் விலை சில மெசின்களில் முழு விலையின் பாதியைத் தொடும். அதே பற்றரியில் ஓடும் இலை ஊதியும் பனி அள்ளும் மெசினும் வீட்டில் இருந்தால் இது லாபமான கணக்குத்தான். புல்லுக்கு மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். குளிர்காலத்தில் அதைக் கராஜில் போட்டுவைக்கவும் கூடாது. உறைநிலைக்குக் கீழே லிதியம் பற்றரியைச் சார்ஜ் பண்ணினால் பழுதாகும்.

வயர் வைத்த மெசினுக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. எடையும் விலையும் குறைவு. ஆனால் அதற்கும் சட்டதிட்டம் உண்டு. வெளிவேலைக்கென்று செய்த தடித்த வயர் வேண்டும். 100 அடிக்கு 14 கேஜ். (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்!) மின்கசிவு வந்தால் தானாக நிறுத்தும் பிளக் பொயின்ற் வேண்டும். வெட்டத் தொடங்குவது பிளக்குக்குப் பக்கத்தில் இருந்து. குறுக்கும் மறுக்குமாக நடந்து விலகிப் போக வேண்டும். அப்போது வயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கத்தில் கிடக்கும். அடியில் ஒட்டிய புல்லைத் துடைக்க முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். இதை மறந்தால் விரல் போகும்.

அம்மா கடையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கைபிடியை மடித்துப் பார்த்தார். கடைசியில் 16 அங்குல வயர் மெசின் வீட்டுக்கு வந்தது. முதல் சனிக்கிழமை அப்பா முற்றத்துக்கு வரமாட்டேன் என்று உள்ளே இருந்தார். இரண்டு வரி வெட்டுவதற்குள் வயர் ரோசாச் செடியில் சிக்கியது. அப்பா எழும்பி வந்து வயரைக் கையில் எடுத்தார். "இந்தப் பக்கம் வாரும், நான் பிடிக்கிறன்." அன்று தொடக்கம் அம்மா தள்ளுவார், அப்பா வயரைச் சுருட்டியும் விட்டும் பின்னால் நடப்பார். எவ்வளவு உயரம் விட்டு வெட்டுவது என்பதும் அப்பாவின் பொறுப்பு. ஒட்ட வெட்டினால் களை வரும். அலங்காரப் புல்லுக்குக் களைகொல்லி தெளிப்பதை ஒன்ராறியோ 2009இலேயே தடை செய்துவிட்டது. அதனால் 7 சென்ரிமீற்றர் விட்டு வெட்டுகிறார்கள். வெட்டிய புல்லை அள்ளுவதில்லை, அதுவே பசளை.

மெசின் வாங்கப் போகிறவர்கள் வளவை ஒருதரம் அளந்துவிட்டுப் போங்கள். தள்ளப் போகிறவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியில் போட்டிருப்பதைப் பிறகு வாசிக்கலாம்.