சாவி எங்கே இருந்தது?

போன இதழில் நான் கோலம் வரைந்து ஒட்டியிருந்தேன். இந்தத் தடவை எங்க வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் சிரிக்கக் கூடாது.

தை மாசம் எங்க சம்பா நெல்லை டி.பி.சி.யில் கொட்டிவிட்டு, எடை போட அப்பா காத்திருந்தார். ராத்திரி திடீர்னு தூறல். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல் எடுக்க யோசிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அப்பா டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியைச் சாவியோடு அப்படியே நிறுத்திவிட்டு, படுதா இழுத்து மூட ஓடினார். மூடிவிட்டு வந்து பார்த்தால் வண்டியைக் காணோம்.

உர மூட்டை, நாத்துக்கட்டு, ஆட்டுக்குத் தழை எல்லாம் அந்த வண்டியில்தான் வரும். தவணை கட்டி முடித்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது.

விடிந்ததும் பெரியப்பா வந்தார். என் கையெழுத்து நல்லா இருக்கும் என்று புகார் மனுவை என்னை எழுதச் சொன்னார்கள். "பூட்டிட்டு சாவிய எடுத்துக்கிட்டுத்தான் போனேன்னு எழுது பாப்பா. சாவி வண்டியில இருந்துச்சுன்னா இன்சூரன்ஸ்ல பைசா வராது" என்றார் பெரியப்பா. நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

அப்பா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம், "ரெண்டு சாவியும் கேப்பாங்களேண்ணே" என்றார்.

"நாகப்பட்டினத்துல ஒண்ணு வெட்டிக்கிட்டாப் போச்சு."

"ஈர நெல்லு மேல காஞ்ச நெல்லப் பரப்பினா மிஷின்ல தெரிஞ்சு போயிடும்ணே. இதுவும் அப்படித்தான். எம் பொண்ணு கையால பொய் எழுத வேணாம்."

பெரியப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்பா மேல் கோபம்தான். ஒரு வரியால் பணம் போகப்போகிறதே என்று அழுகை வந்தது. ஆனாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, "சாவி வண்டியிலேயே இருந்தது" என்று வேறு தாளில் எழுதினேன்.

காவல் நிலையத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கை நடுங்கியது. ரைட்டர் சார் ஆர்.சி.யைப் பார்த்து இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் குறித்துக்கொண்டார். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். பிறகு எஃப்.ஐ.ஆர். போட்டு நகல் தந்தார்கள். அதற்குக் காசு கிடையாது. முன்பு திருட்டுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 379. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 303 ஆகிவிட்டதாம்.

"நம்பர் பிளேட்டை மாத்திட்டா எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் திட்டவில்லை, பொறுமையாகச் சொன்னார். மற்ற நிலையங்களுக்கு மைக்கில் சொல்வார்கள். கடைத்தெரு கேமராக்களைப் பார்ப்பார்கள். நாகூர் தாண்டி வாஞ்சூர் போனால் காரைக்கால், அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். அதனால் அங்கேயும் தகவல் போகும். பிளேட்டை மாற்றினாலும் சேசிஸ் நம்பர் இரும்பில் குத்தியிருக்கும். திருடன் அதை அரத்தால் தேய்த்தால்கூட, குத்தும்போது அடியில் உள்ள இரும்பும் அமுங்கியிருப்பதால், தடயவியல் ஆட்கள் அமிலம் தடவிப் பார்த்தால் பல நேரம் எழுத்து திரும்பத் தெரியுமாம்!

"வண்டிய வித்துட்டுக் காணோம்னு வர்றவங்களும் உண்டு பாப்பா. அதனாலதான் இத்தனை கேள்வி" என்றார். எங்க சமூக அறிவியல் டீச்சரும் ஒன்று சொன்னார். உத்தரப்பிரதேசத்தில் பொய்யான விபத்து இழப்பீட்டு மனுக்கள் பெருகியதால், அவற்றை விசாரிக்க 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தனிப் புலனாய்வுக் குழு அமைத்ததாம். பொய்க் கணக்குக்காரர்களால் நிஜமாகப் பறிகொடுத்தவர்களும் சந்தேகக் கண்ணுக்கு ஆளாகிறார்கள்.

ஏழு மாசம் ஆகிவிட்டது. வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் சான்று கொடுத்துவிட்டார்கள். இன்சூரன்ஸில் சாவியைப் பற்றி விளக்கம் கேட்டு லெட்டர் வந்தது. தெரிந்த வக்கீல் ஒருவர், 2023-ல் சாவியை வண்டியிலேயே விட்டு டிரைவர் இறங்கிய ஒரு லாரி வழக்கில், உச்ச நீதிமன்றம் முக்கால் பங்கு தொகையைக் கொடுக்கச் சொன்னதை எடுத்துக்காட்டி பதில் எழுதித் தந்தார். இன்னும் முடிவு வரவில்லை. அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளில் அப்பா வயலுக்குப் போகிறார். அக்கா பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள்.

தோழர்களே, உங்க வீட்டு வண்டியின் இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். "தேர்டு பார்ட்டி" மட்டும் என்றால் வண்டி திருடு போனால் ஒன்றும் கிடைக்காது. ஒரு நிமிஷ வேலையானாலும் சாவியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

போன வாரம் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் ஒன்றும் பேசவில்லை. தன் ஆர்.சி.யை என்னிடம் நீட்டி, "இந்த நம்பரை எல்லாம் ஒரு நோட்டுல அழகா எழுதிக் குடு பாப்பா" என்றார். எழுதிக் கொடுத்தேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கீழ்வேளூர்