பனிக்காலச் சக்கரங்கள்

ஜெர்மன் நாட்டில் கார் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த விதி ஒன்று உண்டு: ‘ஓ முதல் ஓ வரை’. அக்டோபர் மாதமும் உயிர்ப்புப் பெருவிழாவும் அவர்கள் மொழியில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. அக்டோபரில் பனிக்கால டயரைப் பூட்டுக, பாஸ்காவுக்குப் பின் கழற்றுக என்பது அவ்விதியின் பொருள். பாஸ்கா மார்ச் 22ஆம் நாளிலும் வரலாம், ஏப்ரல் 25ஆம் நாளிலும் வரலாம் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். 2024இல் அது மார்ச் 31ஆம் நாள். 2025இல் ஏப்ரல் 20ஆம் நாள். மேகம் திருவழிபாட்டு நாட்காட்டியைப் பார்த்துப் பனி பொழிவதில்லை. ஆயினும் டயர்க் கடைக்காரர்கள், கோயிலுக்கு வராதவர்கள் உட்பட, ஆண்டுதோறும் பாஸ்கா எந்நாள் என்று விசாரிப்பதைக் காண நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

இந்நாட்டின் தென்கிழக்கில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய பவேரியக் காட்டு மலைப்பகுதியில் மூன்று ஊர்களின் பங்குப்பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நம் மறைமாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றிலிருந்து பிள்ளைகள் இப்பொழுது செவிலியராகவும் பொறியாளராகவும் இந்நாட்டுக்கும், இதைப் போன்ற குளிர்நாடுகளுக்கும் வருகிறார்கள். பெற்றோர் கம்பளிச் சட்டையும் தைலமும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தனுப்புகிறார்கள். காருக்கும் ஒரு கம்பளி வேண்டும் என்பதை அவர்கள் அறிய வாய்ப்பில்லை. அது பற்றியே இத்திங்கள் எழுதுகிறோம்.

நம் பங்கில் ஓர் இளம் தம்பதியர் இருக்கின்றனர். அப்பெண் முதியோரின் இல்லங்களுக்கே சென்று மருந்து கொடுத்துக் குளிப்பாட்டிக் கட்டுப்போடும் செவிலியர். அதிகாலை ஐந்தரை மணிக்கு, இருள் விலகுமுன்னரே, மலைச் சரிவுகளில் காரோட்டிச் செல்லவேண்டிய பணி அது. கோடையில் பழைய கோல்ஃப் கார் ஒன்றை வாங்கினார்கள். அக்டோபர் பிறந்ததும் திருப்பலி முடிந்து வந்து கேட்டார்: “சாமி, இந்த வண்டியில் இழுப்பது முன்சக்கரம் இரண்டுந்தானே? அந்த இரண்டுக்கு மட்டும் பனி டயர் வாங்கினால் போதாதா? ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது.”

சிக்கனமான பிள்ளையின் நியாயமான கேள்வி. “இழுப்பதற்குப் போதும் அம்மா, நிற்பதற்குப் போதாது” என்று சொன்னோம். முன்சக்கரங்கள் மட்டும் பனியைப் பற்றிக்கொண்டு, பின்சக்கரங்கள் பற்றாமல் வழுக்கினால், இறக்கத்து வளைவில் பிரேக்கைத் தொட்டவுடன் காரின் பின்பாகம் முன்பாகத்தை முந்திக்கொண்டு சுழன்று வந்துவிடும். இரண்டு நல்ல டயரும் இரண்டு கோடை டயரும் கலந்த கார், நான்கும் கோடை டயராக உள்ள காரைவிடவும் நம்பத்தகாதது என்றே கூறுவோம். பின்னதை ஓட்டுபவருக்கு அச்சமாவது இருக்கும்.

கோடை டயருக்கு என்ன குறை? நம் வீட்டுத் தேங்காயெண்ணெயை எண்ணிப் பாருங்கள். சித்திரையில் நீராய் ஓடுவது மார்கழி அதிகாலையில் வெண்கட்டியாய் உறைந்துவிடுகிறது. ரப்பருக்கும் அத்தகைய இயல்பு உண்டு. வெப்பத்தில் தேயாதிருக்கும்படி கலக்கப்பட்ட கோடை ரப்பர், குளிரில் விறைத்து மரப்பலகைபோல் ஆகிவிடும். விறைத்தது சாலையின் மேடுபள்ளங்களில் பதியாது; பதியாதது பற்றாது. பனிக்கால டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்ந்திருப்பதால் குளிரிலும் அது இளகியே இருக்கிறது. ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே போனால் மாற்றுக என்பது கடைக்காரர் கணக்கு. அது கோடு கிழித்தாற்போன்ற எல்லையன்று, நினைவில் வைக்க எளிதான எண், அவ்வளவே.

அடுத்து, அதன் முகத்தைப் பாருங்கள். நம் ஊரில் ‘பட்டன்’ என்கிறோமே, அந்த ரப்பர்க் கட்டிகள் ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். கார் ஓடுகையில் அவை விரிந்து நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகளாகிப் பனியைக் கவ்வுகின்றன. அகன்ற பள்ளங்களிலோ பனி அடைந்து இறுகுகிறது. அது அடைசலன்று, துணை. இரு கைப்பனியைச் சேர்த்து அழுத்தினால் உருண்டையாக ஒட்டிக்கொள்வதுபோல், டயருக்குள் அடைந்த பனி சாலையிலுள்ள பனியோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. இக்கருத்து பின்லாந்தில் பிறந்தது. 1934இல் அந்நாட்டு ரப்பர்த் தொழிற்சாலை ஒன்று லாரிகளுக்காகப் பனிக்கால டயர் செய்தது. 1936இல் கார்களுக்கும் செய்தது. இன்று அது நோக்கியன் எனப்படும் நிறுவனம். கைபேசியால் நாம் அறிந்த நோக்கியாவுக்கு அது ஒருகாலத்தில் உடன்பிறப்பு.

சட்டம் சொல்வதையும் சுருக்கமாகக் கூறிவிடுவோம். ஜெர்மனியில் 2010 டிசம்பர் முதல், சாலையில் பனியோ உறைநீரோ சேறாய்க் கரைந்த பனியோ இருந்தால், பனிக்கால டயரின்றிக் காரோட்டலாகாது. நாள் குறித்த சட்டமன்று அது. நிலைமை குறித்த சட்டம். மீறினால் 60 யூரோ அபராதமும், ஓட்டுநர் கணக்கில் ஒரு புள்ளியும் ஏறும். 2024 அக்டோபர் முதல், மூன்று சிகரமுடைய மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த முத்திரை உள்ள டயரே பனிக்கால டயராகக் கொள்ளப்படும். ‘எம்+எஸ்’ என்ற பழைய எழுத்து மட்டும் போதாது. மலிவு விலையில் பழைய டயர் விற்பவர் இதைச் சொல்லமாட்டார். எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குப் போகிறவர் அறியவேண்டியது இன்னொன்று: நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிக்காலச் சாலையில், பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதைப் பனிக்கால டயர் என்றே அந்நாட்டுச் சட்டம் கொள்ளாது. ஜெர்மன் சட்டத்துக்கு 1.6 மில்லிமீட்டர் போதும். நாமோ இவ்விடயத்தில் ஆஸ்திரியரின் பக்கம்.

இனி, சக்கரத்துக்கு வருவோம். அத்தம்பதியர் உண்மையில் பணம் மிச்சப்படுத்தியது இவ்விடத்திலேதான்.

அக்காரில் இருந்த கோடை டயரின் பக்கவாட்டில் 225/45 ஆர்17 என்றிருந்தது. 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பார்வைக்குக் கம்பீரமான, பளபளக்கும் அலாய் ரிம். பனிக்கும் இதே அளவில் வாங்கவேண்டும் என்றே அப்பிள்ளைகள் எண்ணியிருந்தார்கள். விலை கேட்டு மலைத்துப்போனார்கள். ஆனால் அக்காருக்கு உற்பத்தியாளர் அனுமதித்த அளவுகளில் 195/65 ஆர்15 என்பதும் இருந்தது. காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டோம். 17 அங்குலம் என்பது ஏறத்தாழ 432 மில்லிமீட்டர், மேலும் கீழும் பக்கச்சுவர் 101, 101, ஆக 634. மற்றதில் 15 அங்குலம் 381 மில்லிமீட்டர். பக்கச்சுவர் 127, 127. கூட்டினால் 635க்குள் அடங்குகிறது. ரிம் சிறுத்தது, ரப்பர் உயர்ந்தது, உருளும் வட்டம் மாறவில்லை. ஆதலால் வேகமானியும் பொய் சொல்லாது.

சிறிய அளவால் வரும் நன்மைகள் பல. விலை குறைவு. குறுகிய டயர் புதுப்பனியைக் கிழித்துக் கீழிறங்கும். அகன்றது மேலே மிதக்கப் பார்க்கும். உயர்ந்த பக்கச்சுவர் மெத்தைபோல் நின்று, பனியடியில் மறைந்த குழியிலும் நடைபாதை விளிம்பிலும் மோதும்போது ரிம்மைக் காக்கும். ஆனால் நம் விருப்பம்போல் சிறியதாக்கிவிட முடியாது. ரிம்மின் உள்ளே பிரேக் அமைப்பு தட்டாமல் சுழல இடம் வேண்டும். ஒரே பெயருடைய காரிலும், வலிமையான எஞ்சின் உள்ளதற்குப் பெரிய பிரேக் இருக்கக்கூடும். காரின் பத்திரத்தைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

அலாயா, ஸ்டீலா என்ற கேள்விக்கு நம் விடை ஸ்டீல். இங்குச் சாலைகளில் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். அலாயின் மேற்பூச்சில் சிறு கீறல் இருந்தால் உப்புநீர் அதன் வழியே புகுந்து, பூச்சுக்கு அடியில் அரித்துக்கொண்டே போகும். பனிக்காலத்துக்கெனவே பூச்சிட்ட அலாய்களும் உண்டு; வசதியுள்ளோர் வாங்கட்டும். ஸ்டீல் ரிம் கருப்பாக, அழகின்றி இருக்கும். கார்த்திகை மாதச் சேற்றில் யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டுவதைவிட, தனி ரிம்மிலேயே பனி டயர் நிரந்தரமாக இருப்பது நல்லது. டயரின் விளிம்பு சிதையாது, கடைக்கூலி குறையும், அனைத்துப் புனிதர் பெருவிழாவை ஒட்டி ஊரே கடைவாசலில் நிற்கையில் நாம் வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். நான்கு டயர், நான்கு ரிம் எல்லாம் சேர்த்து அவர்களுக்கு 500 யூரோவுக்குச் சற்றுக் கூடுதலாயிற்று. பெரிய அளவில் இரண்டு வாங்கி, அவற்றைப் பழைய ரிம்மில் ஆண்டுதோறும் ஏற்றி இறக்கும் கூலியையும் கூட்டினால், சில ஆண்டுகளில் அதற்கு மிஞ்சியிருக்கும்.

பழைய டயர் வாங்குவோரும் உண்டு, குறை சொல்லோம். பக்கவாட்டில் ‘டி.ஓ.டி.’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3821 என்றால் 2021ஆம் ஆண்டின் 38ஆம் வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாயினும், எட்டாண்டு கடந்த ரப்பர் இறுகிவிட்டது என்றே கொள்க. ஒரு யூரோ நாணயத்தின் பொன்னிற விளிம்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அது பள்ளத்துள் முழுதும் மறைந்து, அதற்கு மேலும் ஆழம் தெரிந்தால் மட்டுமே விலை பேசலாம். புதியது வாங்குவோர், இந்நாட்டு மோட்டார்க் கழகமான ஏ.டி.ஏ.சி. இலையுதிர்காலந்தோறும் வெளியிடும் சோதனை முடிவுகளைப் பார்த்தல் நலம். பின்லாந்துக்கும் சுவீடனுக்குமென்றே செய்த மிக மெதுவான டயர்களும் விற்பனைக்கு வருகின்றன. உறைநீர் மீது அவை சிறந்தவை; மழையும் ஈரமுமாக இருக்கும் இப்பகுதிச் சாலைக்கு அவை ஏற்றவையல்ல. ரைன் ஆற்றுச் சமவெளிபோல் பனி அரிதாயுள்ள நகரங்களில் வாழ்வோர்க்கு, மலை முத்திரையுள்ள அனைத்துப்பருவ டயரே போதுமானது. மலையில் வாழ்வோர்க்கு அதை நாம் பரிந்துரையோம்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் பெரிய கார் வைத்திருப்போர் சிலர், தமக்கு இவையெல்லாம் வேண்டா என எண்ணுகிறார்கள். இழுப்பது எஞ்சின், நிறுத்துவது தரையைத் தொடும் உள்ளங்கையளவான நான்கு ரப்பர்த் துண்டுகள். அவை அப்பெரிய காரிலும் நான்கேதான், சுமையோ கூடுதல். 50 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக் பிடித்த கணத்திலிருந்து உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 12 மீட்டரில் நிற்கும் கார், மிதிபட்டு இறுகிய பனியில் நல்ல பனி டயருடனும் 30 மீட்டரைத் தாண்டிவிடும். கோடை டயரானால் இன்னும் பல கார் நீளங்கள் சேரும். வேகத்தை முப்பதாகக் குறைத்தால் நிற்கும் தூரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். எந்த டயரும் இதற்கு ஈடாகாது.

நள்ளிரவில் நோயிற்பூசுதலுக்கு அழைப்பு வருவதுண்டு. மலைமேல் உள்ள பண்ணைவீட்டுக்கு ஏறும் வழியில் சக்கரம் வெறுமனே சுற்றினால், காரை ஓரத்தில் விட்டுவிட்டு நடந்து போகலாம், நடந்திருக்கிறோம். இறங்கும் வழியில் கார் நில்லாவிடில் அப்படி ஒரு மாற்றுவழி இல்லை. கீழே பள்ளிப் பேருந்து நிறுத்தம் இருக்கிறது. பொழுது புலர்ந்து திரும்புகையில் பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு அங்கே நிற்பார்கள். டயருக்குச் செலவிடும் பணத்தில் பாதி அவர்களுக்காக என்றே நாம் கணக்கில் வைத்திருக்கிறோம்.

பூட்டும் நாளில் கவனிக்கவேண்டியவை சில. பக்கவாட்டிலுள்ள அம்புக்குறி காட்டும் திசையிலேயே டயர் உருளவேண்டும். அலாய் ரிம்மின் போல்ட்டும் ஸ்டீல் ரிம்மின் போல்ட்டும் எல்லாக் கார்களிலும் ஒன்றல்ல. நீளமோ தலையின் அடிப்புற வடிவமோ மாறினால் சக்கரம் சரியாக அமராது. பத்துப் பாகை குளிர்ந்தால் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் குறையும். ஆதலால் குளிர்ந்த நிலையில் அளந்து நிரப்புக. கழற்றிய கோடைச் சக்கரங்களில் எது முன்-இடம், எது பின்-வலம் என்று சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தால், பாஸ்கா கழிந்தபின் தேடவேண்டியதில்லை.

அத்தம்பதியர் நம் பங்கு இல்லத்து முற்றத்தில்தான் மாற்றினார்கள். கணவர் ஜாக்கி வைத்துத் தூக்க, அப்பெண்ணே அழுத்தம் காட்டும் திருகுவிசைச் சாவியைப் பிடித்து ஒவ்வொரு போல்ட்டையும் குறுக்காக, 120 நியூட்டன் மீட்டர் அளவில், ‘டக்’ என்ற ஒலி வரும்வரை முடுக்கினார். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தோம். மூன்றாம் நாள் மாலை, பணி முடிந்த சீருடையுடனேயே வந்து சாவியைக் கேட்டார். இருபது போல்ட்டுகளில் இரண்டு, கால் சுற்று இறங்கின.