மாமா வீட்டுப் பரணில் ஒரு சிலிண்டர்

உங்க சொந்தக்காரங்க யார்கிட்டயாவது தொண்ணூறுகளில் வாங்கின ஏசி கார் இருக்கா? இருந்தா இந்த வசனத்தைக் கண்டிப்பா கேட்டிருப்பீங்க: "அந்தக் காலத்து கேஸ்ல கார் கொடைக்கானல் மாதிரி இருக்கும்!"

திருச்சியில் என் மாமாவிடம் 1993 மாருதி 800 இருக்கிறது. ஆர்-12 கேஸோடு வந்த வண்டி. அது கிடைக்காமல் போனதும் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆர்-134ஏ போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பைபாஸில் ஓடினால் சுமாரா கூல் ஆகும். பால்பண்ணை சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான். போன செமஸ்டர் லீவில் மாமா பரணிலிருந்து ஒரு குட்டி சிலிண்டரை இறக்கினார். ஆர்-12! "மாப்ள, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, பழையபடி மாத்திடலாமா?"

சத்தியமா சொல்றேன், எனக்கும் ஆசை. கேஸை மட்டும் மாற்றினால் போதாது: சிஸ்டத்தைக் கழுவணும், டிரையர் புதுசு போடணும், ஆர்-12க்கு உரிய மினரல் ஆயில் ஊத்தணும். தெரிந்த மெக்கானிக் அண்ணன் 134ஏ-வை மெஷினில் உறிஞ்சி எடுத்தார். உள்ளே பார்த்தால் பழைய மினரல் ஆயில் அப்படியே கிடக்கு. 134ஏ-வோடு அது கலக்கவே கலக்காது. கம்ப்ரஸர் இத்தனை வருஷம் தாங்கினதே பெரிசு.

அரை மணி நேரம் வேக்யூம் போட்டு வால்வை மூடினோம். கொஞ்ச நேரத்தில் கேஜ் முள் நகர ஆரம்பித்தது. நைட்ரஜன் ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவினால், ஷாஃப்ட் சீல் பக்கம் நுரை. "சீல் மாத்தலாம் தம்பி. ஆனா முப்பது வருஷ ஹோஸு, இன்னிக்கில்லன்னா நாளைக்கு லீக் ஆகும்" என்றார் அண்ணன்.

அங்கேதான் எனக்கு உதைத்தது. ஆர்-12இல் இருக்கும் குளோரின் ஓசோனை அரிக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974லேயே சொல்லிவிட்டார்கள். 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். இதெல்லாம் பரீட்சைக்குப் படித்ததுதான். அன்றைக்குத்தான் கால்குலேட்டரைத் தட்டினேன். நூறு வருஷக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-12 சுமார் 10,900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அரை கிலோ கசிந்தால் ஐந்தரை டன்; கிட்டத்தட்ட 2,300 லிட்டர் பெட்ரோல் எரித்த மாதிரி. 134ஏ-வும் யோக்கியம் இல்லை, அதுக்கு 1,430. ஆனா ஓசோனைத் தொடாது.

மாமாவிடம் சொல்வதுதான் கஷ்டமா இருந்தது. "அரை கிலோ கேஸுக்கு இவ்வளவு கணக்கா?" என்றவர், அப்புறம் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் பேசவே இல்லை.

கடைசியில் சீல், ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் மாற்றி, 134ஏ-க்கான ஆயில் ஊற்றி, பேரலல் ஃப்ளோ கண்டென்சரும் நல்ல ஃபேனும் போட்டோம். 134ஏ-க்கு கண்டென்சரில் பிரஷர் அதிகம். நிற்கும் வண்டியில் பழைய கண்டென்சரால் அந்தச் சூட்டை வெளியேற்ற முடியவில்லை. பாவம், பழியெல்லாம் கேஸ் மேல! இப்போ சிக்னலிலும் ஜில்லுனு இருக்கு. கொடைக்கானல் இல்ல, ஏற்காடுன்னு வெச்சுக்கலாம்.

சிலிண்டர் மறுபடி பரணுக்கே போயிடுச்சு. அதைக் காற்றில் விடாமல் அழிக்கும் வசதி எங்கே இருக்குன்னு தேடிட்டிருக்கேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க. மாமாகிட்ட மட்டும் இப்போதைக்குச் சொல்லிடாதீங்க. அதுக்கு ஒரு பழைய வேட்டியைச் சுத்தி பத்திரமா வெச்சிருக்கார்.