இல்லாத கையின் வலி

(இளமறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

வலி எங்கே இருக்கிறது? முள் குத்திய இடத்தில் என்போம். நண்பர்களே, குத்துவதற்கு அந்த இடமே இல்லாதவருக்கு வலித்தால்?

பரமத்தி வேலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகை ஒன்றில் என் பெரியப்பா கரும்பு ஊட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் உருளை அவர் வலது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. முழங்கைக்குக் கீழே போயிற்று. புண் ஆறியது, வலி ஆறவில்லை. அதுவும் இல்லாத விரல்களில்! "விரலெல்லாம் மடங்கி நகம் உள்ளங்கையில குத்துது கண்ணு, பிரிக்க முடியல" என்பார். கையைப் புதைத்த இடத்தில் எறும்பு அரிக்கிறது என்றாள் அப்பத்தா. வேலைக்குப் போகாதிருக்கப் போடும் வேஷம் என்றனர் ஊரார். அதற்குப்பின் அவர் வலியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். இரவில் பல்லைக் கடிக்கும் ஓசை மட்டும் திண்ணையிலிருந்து கேட்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நூலகத்தில் நரம்பியல் நூலொன்றைப் புரட்டியபோது, பெரியப்பா சொன்னது அப்படியே அச்சில் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்தோரைக் கவனித்த மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல், 1871-லேயே இதற்குப் 'பேயுறுப்பு' என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார். (அப்பத்தாவுக்குப் பிடித்திருக்கும்.)

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியரானவர் வி. எஸ். ராமச்சந்திரன். கையிழந்த ஒருவரின் கன்னத்தை அவர் பஞ்சுக் குச்சியால் தொட, இல்லாத கட்டைவிரலையும் தொடுவதுபோல் இருக்கிறது என்றாராம் அந்த மனிதர்! மூளையில் முகத்துக்குரிய இடமும் கைக்குரிய இடமும் அடுத்தடுத்த வயல்கள். நீர் நின்றுபோன வயலில் பக்கத்து வயல் நீர் கசிவதுபோல, முகத்தின் செய்தி கையின் இடத்தில் புகுந்துவிட்டது என்பது அவர் கருத்து.

1990-களில் அவர் கண்ட மருந்து முகம் பார்க்கும் கண்ணாடி. 'விரி' என்று மூளை கட்டளையிடுகிறது. விரிந்தேன் என்று பதில் சொல்லக் கை இல்லை. இறுக்கம் நீடிக்கிறது. நல்ல கையைக் கண்ணாடிக்கு முன் விரித்தால், இழந்த கை இருந்த இடத்தில் பிம்பம் விரிகிறது. மூளை கண்ணின் சாட்சியை ஏற்கிறது. 2007-ல் வெளியான வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனைச் சோதனையில், நான்கு வாரம் இப்படிப் பயின்ற 6 பேருக்கும் வலி குறைந்தது. 6 பேர் என்பது சிறிய கணக்குத்தான். எல்லாருக்கும் இது பலிப்பதுமில்லை.

சென்ற பொங்கல் விடுமுறையில் அட்டைப்பெட்டியில் கண்ணாடியை நிறுத்திப் பெரியப்பாவை உட்காரவைத்தேன். இடது கையை மெல்ல விரித்தார், மூடினார், மீண்டும் விரித்தார். மூன்று விரல் பிரிந்ததாம். மற்ற இரண்டும் இன்றுவரை அசையவில்லை. தினமும் கால் மணி நேரம் உட்காருகிறார்.

அன்று மிட்செல் கதையையும் சொன்னேன். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "அப்ப, நான் சொன்னது பொய்யில்லைன்னு அந்த வெள்ளைக்காரரு அப்பவே எழுதிவெச்சிருக்காரா?"