பலாப்பலகையில் மாலை வெயில்

மைசூர் மண்டி மொஹல்லாவின் சந்துக்குள் எனக்கு வழி காட்டியது வாசனைதான். ஈட்டி மரத்தை அறுக்கும்போது எழும் மெல்லிய இனிப்பு வாசனை. அதைப் பிடித்துக்கொண்டே போனால் பட்டறை.

சின்ன அறை. தரையில் சம்மணமிட்டு மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவரின் மடியருகே ஒரு தகர டப்பா. அது நிறைய மரத்துண்டுகள். மாட்டுவண்டியும் ஏரியும் அஸ்தமனமுமாக, சுவரில் மாட்டும் படம் ஒன்று அவர் முன்னால் பாதி முடிந்து கிடந்தது. அதில் ஒரு சொட்டுச் சாயம்கூடக் கிடையாது. வெயிலுக்குப் பலா, இருட்டுக்கு ஈட்டி. எல்லா நிறமும் மரத்தின் சொந்த நிறம்.

ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். டப்பாவிலேயே போட்டார். அடுத்ததும் சரியில்லை. ஐந்தாவது துண்டில் ரேகைகள் நீளவாட்டில் நெளிந்தன. "இதுதான் சார் தண்ணி. கரைக்கு வேற மாதிரி ரேகை வேணும்" என்றார், பழகிய தமிழில்.

மரத்துக்குள் மரம் பதிக்கும் இந்த இன்லே வேலையின் உயிர் இந்தத் தேடலில் இருப்பதாகவே எனக்குப் பட்டது. அறுப்பு கைக்குப் பழகிவிடும். ஒரு துண்டு மரத்துக்குள் கிடக்கும் ஏரியை அடையாளம் காணக் கண்ணுக்குப் பல வருஷம் பிடிக்கிறது.

காகிதத்தில் வரைந்த படத்தைப் பகுதி பகுதியாக வெட்டி, அந்தந்த மரத்தில் ஒட்டி, நூல்போன்ற அலகு பூட்டிய வில் ரம்பத்தால் அறுக்கிறார்கள். மாட்டின் கொம்பு நெல்மணி அளவுதான். அறுத்த துண்டை ஈட்டிப் பலகைமேல் வைத்து ஊசிமுனையால் சுற்றிக் கீறி, கீறலுக்குள் உளியால் குடைந்து, பசை தடவித் தட்டி இறக்குகிறார்கள். விரலால் தடவினால் எந்த இடத்தில் எந்த மரம் முடிகிறது என்று தெரியக்கூடாது. பிறகு உப்புத்தாள், பாலிஷ். கண், வண்டிக்காரன் வேட்டி மடிப்பு போன்ற கோடுகள் மட்டும் கீறிக் கறுப்பு நிரப்பியவை.

ஒரு காலத்தில் இந்த வேலைக்கு யானைத் தந்தம் வந்தது. மைசூர் அரண்மனை அம்பா விலாச மண்டபத்தின் ஈட்டிக் கதவிலும், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சமாதியின் கருங்காலிக் கதவுகளிலும் அதை இன்றும் பார்க்கலாம். 1986இல் இந்திய யானைத் தந்த வியாபாரத்தைச் சட்டம் தடுத்தது. தடுத்தது நல்லதே. தந்தத்துக்குத் தெரிந்தது ஒரே வெள்ளை. மரங்களுக்கு விடியலும் தெரியும், அந்தியும் தெரியும். புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட கைத்தொழில் இது. ஆனால் 2017இல் ஈட்டியின் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் வந்தபோது, சரக்கு வெளிநாடு போகக் காகித வேலை கூடியது.

பலா நாளாக நாளாகப் பழுப்பேறுமே, இந்த வெயில் என்னாகும் என்று கேட்டேன்.

"இறங்கும். வாங்கினவங்க வீட்டுச் சுவத்துலதான் முழுசா இறங்கும்" என்றவர், டப்பாவை மறுபடி தன் பக்கம் இழுத்தார். வலது மாட்டின் திமிலுக்கு இன்னும் மரம் அகப்படவில்லை.